டர்போ போயிடுச்சா? 'பால் பேரிங்' என்று இரட்டை விலை கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்

பத்து வருடம் ஓடிய டீசல் கார். ஃப்ளைஓவர் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. பின்னால் நீலப் புகை. இன்ஜின் பக்கமிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். ஒர்க்‌ஷாப்பில் விட்டால், அரை மணி நேரத்தில் போன் வருகிறது: "சார், டர்போ போயிடுச்சு. பழைய டைப்லயே போட்டா ஒரு ரேட். பால் பேரிங் போட்டா கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா லைஃப் வரும்."

'கொஞ்சம் ஜாஸ்தி' என்பது பல நேரங்களில் இரண்டு மடங்கு. காரின் மறுவிற்பனை மதிப்பே 2 லட்சம், 3 லட்சம் என்று இருக்கும்போது, இது சின்ன முடிவு இல்லை. அந்தக் கூடுதல் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? 'லைஃப் வரும்' என்பது சரியா?

முதலில், பேரிங் எங்கே வருகிறது?

டர்போவின் வேலை எளிமையானது. இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அதிகக் காற்று, அதனால் அதிக எரிபொருளை எரிக்கலாம், அதனால் அதிக சக்தி. 1 லிட்டர் இன்ஜின் 1.5 லிட்டர் இன்ஜின் மாதிரி இழுப்பது இதனால்தான்.

இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் அந்தத் தண்டைத் தாங்கிப் பிடிப்பதுதான் பேரிங். சிறிய கார் டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளைத் தொடும். அதாவது ஒரு விநாடிக்கு 3,333 சுற்று. தண்டின் விட்டம் 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் மேற்பரப்பு மணிக்குச் சுமார் 225 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு பக்கம் பல நூறு டிகிரி சூடு, மறுபக்கம் வெளிக்காற்று. இந்த நிலைமையில் தண்டு உரசாமல் சுற்ற வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

வழி 1: ஸ்லீவ் பேரிங்

ஜர்னல் பேரிங் என்றும் சொல்வார்கள். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் 'புஷ்' என்பார்கள். பித்தளை நிறத்தில், மோதிரம் மாதிரி ஒரு சின்னக் குழாய். தண்டு இதற்குள் சுற்றும். ஆனால் தண்டு குழாயைத் தொடாது. நடுவில் இன்ஜின் ஆயில் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். மழை ரோட்டில் வேகமாகப் போகும் டயர் தண்ணீர் மேல் மிதப்பது போல, தண்டு ஆயிலின் மேல் மிதக்கிறது.

பெரும்பாலான டர்போக்களில் இந்தக் குழாயும் சேர்ந்து மெதுவாகச் சுற்றும். அதனால் உள்ளே ஒரு ஆயில் படலம், வெளியே ஒரு ஆயில் படலம். தண்டு முன்னும் பின்னும் நகராமல் இருக்க, தனியாக ஒரு தட்டு வடிவ 'த்ரஸ்ட் பேரிங்' இருக்கும்.

இதன் பலம்: உலோகத்தோடு உலோகம் உரசாதவரை தேய்மானம் மிகக் குறைவு. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் லாரிகளும் பஸ்களும் பெரும்பாலும் இந்த வகை டர்போவில்தான் ஓடுகின்றன. பலவீனம்: ஆயில் அழுத்தம் ஒரு நொடி குறைந்தாலும் படலம் உடையும், உரசல் தொடங்கும். ஆயில் படலத்தின் இழுவையால், குறைந்த வேகத்தில் தண்டு சுழல ஆரம்பிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

வழி 2: பால் பேரிங்

இதில் தண்டைச் சின்னச் சின்னக் குண்டுகள் தாங்குகின்றன. சைக்கிள் சக்கரத்தில் இருக்கும் அதே தத்துவம். ஆனால் துல்லியம் வேறு லெவல். பொதுவாக இரண்டு வரிசைக் குண்டுகள் ஒரே உறைக்குள் அடைக்கப்பட்டு 'கார்ட்ரிட்ஜ்' ஆக வரும். முன்னும் பின்னும் வரும் அழுத்தத்தையும் இந்தக் குண்டுகளே தாங்கிவிடுவதால், தனி த்ரஸ்ட் பேரிங் தேவையில்லை.

உராய்வு குறைவு என்பதால் டர்போ சீக்கிரம் வேகம் பிடிக்கும். ஆயிலும் குறைவாகவே போதும். அதிகமாகப் போனால்தான் பிரச்சினை. அதனால் பல பால் பேரிங் டர்போக்களில் ஆயில் நுழையும் இடத்தில் சுமார் 1 மில்லிமீட்டர் துளை கொண்ட ஒரு கட்டுப்படுத்தியைப் போடுகிறார்கள். இதைப் போட மறந்த மெக்கானிக்கால் புது டர்போவே ஆயில் கக்குவது உண்டு.

ஏன் இவ்வளவு விலை வித்தியாசம்?

மூன்று காரணங்கள்.

ஒன்று, பொருள். நல்ல பால் பேரிங் டர்போக்களில் குண்டுகள் பெரும்பாலும் இரும்பில் இல்லை, சிலிக்கான் நைட்ரைடு என்ற செராமிக்கில் செய்யப்படுகின்றன. இதன் எடை எஃகின் எடையில் சுமார் 40% மட்டுமே. 2 லட்சம் சுற்று வேகத்தில் குண்டுகள் வெளிப்பக்கம் தள்ளும் விசை எடையோடு சேர்ந்து கூடும் என்பதால், இந்த எடைக் குறைப்பு அவசியம்.

இரண்டு, எண்ணிக்கை. சாதாரணக் கார்களுக்கான ஸ்லீவ் பேரிங் டர்போக்கள் லட்சக்கணக்கில் தயாராகின்றன. இந்தியாவிலும்தான். சென்னையைச் சேர்ந்த டர்போ எனர்ஜி நிறுவனம் 1980-களிலிருந்தே இந்தத் தொழிலில் இருக்கிறது. பால் பேரிங் டர்போவுக்கான சந்தை ஒப்பீட்டில் மிகச் சிறியது. இங்கே கிடைப்பவை பெரும்பாலும் இறக்குமதி. கப்பல் செலவு, சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாம் மேலே ஏறும்.

மூன்று, ரிப்பேர். இதைத்தான் நிறைய பேர் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்லீவ் பேரிங் டர்போவில் புஷ், த்ரஸ்ட், சீல் எல்லாம் தனித்தனியாகக் கிட் ஆகக் கிடைக்கும். கிட் விலை மட்டும் பார்த்தால் சில ஆயிரங்களில் முடியும். பால் பேரிங்கில் குண்டை மட்டும் மாற்ற முடியாது. முழுக் கார்ட்ரிட்ஜையோ, நடுப்பகுதி முழுவதையுமோதான் மாற்ற வேண்டும்.

0.3 விநாடியின் விலை என்ன?

இப்போது கணக்குக்கு வருவோம். வெளிநாட்டுச் சந்தையில், பெர்ஃபார்மன்ஸ் கார்களுக்காகத் தனியாக விற்கப்படும் டர்போக்களில், ஒரே அளவுள்ள இரண்டு வகைகளுக்கு இடையே விலை பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வித்தியாசப்படும். உதாரணத்துக்கு ஸ்லீவ் பேரிங் 800 டாலர், பால் பேரிங் 1,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்றால் 72,000 ரூபாய்க்கு எதிராக 1,35,000 ரூபாய். வித்தியாசம் 63,000 ரூபாய், வரிகளுக்கு முன்பே.

கிடைப்பது என்ன? பால் பேரிங் டர்போவுக்குப் பெயர்பெற்ற கேரட் நிறுவனம் சொல்வது, டர்போ சுமார் 15% சீக்கிரம் வேகம் பிடிக்கும் என்பதுதான். ஆக்ஸிலேட்டரை அழுத்தி முழு அழுத்தம் வர உங்கள் காரில் 2 விநாடி ஆகிறது என்றால், அது 1.7 விநாடியாகும். மிச்சம் 0.3 விநாடி.

63,000 ரூபாயை 0.3 விநாடியால் வகுத்தால், ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் 21,000 ரூபாய். ரேஸ் டிராக்கில் ஒவ்வொரு வளைவிலும் இந்த 0.3 விநாடி திரும்பத் திரும்பக் கிடைக்கும், அங்கே இது நியாயமான விலை. சில்க் போர்டு சிக்னலில் நிற்கும் காருக்கு?

அதிகபட்ச சக்தி பெரிதாகக் கூடாது என்பதையும் கவனியுங்கள். பேரிங் வகை மாறுவதால் முக்கியமாக மாறுவது, அந்த சக்தி எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதுதான். சக்தியைத் தீர்மானிப்பவை சக்கரத்தின் அளவு, எரிபொருள், இன்ஜினின் தாங்கும் திறன்.

உங்கள் காரில் எது இருக்கிறது?

இந்தியாவில் விற்கும் சாதாரணக் கார் என்றால், அநேகமாக ஸ்லீவ் பேரிங். ஒரு காலத்தில் மாருதி, டாடா, ஃபியட் எல்லோரும் பயன்படுத்திய 1.3 லிட்டர் டீசல் இன்ஜினும் அப்படித்தான். மாருதி 2020 ஏப்ரலில் டீசலை நிறுத்திவிட்டாலும், அந்த இன்ஜினோடு ஏராளமான கார்கள் இன்னும் ஓடுகின்றன. அதனால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை.

குண்டு அல்லது உருளை பேரிங் கம்பெனியிலிருந்தே வரும் கார்கள் குறைவு. நிசான் சில்வியா எஸ்15 ஒரு பழைய உதாரணம். இந்தியாவில் 2021-இல் 79.5 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் அறிமுகமான மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஏ45 எஸ் இன்னொன்று. விலையைப் பார்த்தாலே இது யாருக்கானது என்று புரியும்.

சரி, 'லைஃப் வரும்' என்பது உண்மையா?

பாதி உண்மை. நல்ல நிறுவனத்தின் பால் பேரிங், சுத்தமான ஆயிலில், சரியாகப் பொருத்தினால் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் சாதாரணக் காரில் டர்போ தானாக வயதாகிச் சாவது குறைவு. பெரும்பாலும் அதை வேறு ஏதோ ஒன்று கொல்கிறது. பழைய ஆயில், அடைத்துக்கொண்ட ஆயில் பைப், கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போன தூசி, ஹைவேயில் விரட்டிவிட்டு உடனே இன்ஜினை ஆஃப் செய்யும் பழக்கம். கடைசியில் சொன்னதில், நின்றுபோன ஆயில் சூட்டில் கருகிக் கரியாகிறது. அந்தக் கரி அடுத்த தடவை பைப்பை அடைக்கிறது.

இந்தக் காரணம் அப்படியே இருக்க, விலை உயர்ந்த டர்போவைப் பொருத்தினால் அதுவும் சாகும். பால் பேரிங்குக்கு அழுக்கு ஆயில் இன்னும் ஆகாது. ஒரு சின்னத் துகள் போதும், குண்டு ஓடும் பாதையில் குழி விழும்.

இதையும் கணக்காகப் பார்க்கலாம். டர்போ வேலைக்கு 30,000 ரூபாய் செலவு என்று வையுங்கள். அது 1 லட்சம் கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 30 பைசா. அடைப்பைச் சரி செய்யாமல் மாட்டி, 5,000 கிலோமீட்டரில் மறுபடி போனால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய். 20 மடங்கு! புது ஆயில் பைப், ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்த்துக் கூடுதலாக 6,000 ரூபாய் ஆனாலும், 36,000 ரூபாயை 1 லட்சம் கிலோமீட்டருக்குப் பிரித்தால் 36 பைசாதான். பேரிங் வகையை மாற்றுவதை விட இந்த 6 பைசா முக்கியம்.

'ஷாஃப்ட் ஆடுது பாருங்க'

மெக்கானிக் பைப்பைக் கழற்றி, டர்போ தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டுவார். ஆடும். அதற்காகப் பயப்பட வேண்டாம். ஸ்லீவ் பேரிங்கில் ஆயில் படலத்துக்கு இடம் விட்டே செய்திருப்பதால், ஆயில் இல்லாதபோது கொஞ்சம் ஆடுவது இயல்பு. பார்க்க வேண்டியவை இரண்டு: சக்கரத்தின் இதழ்கள் சுற்றியுள்ள உறையைத் தொடுகிறதா? தண்டை முன்னும் பின்னும் இழுத்தால் கைக்கு அசைவு தெரிகிறதா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால் டர்போ வேலை வைத்துவிட்டது. இரண்டுக்கும் 'இல்லை' என்றால், வண்டி இழுக்காததற்கு வேறு காரணம் இருக்கலாம். கிழிந்த இன்டர்கூலர் ஹோஸும் இதே அறிகுறியைக் காட்டும். அதன் விலை டர்போ விலையில் ஒரு சிறு பங்குதான்.

சட்டமும் இன்சூரன்ஸும்

கம்பெனி கொடுத்த அதே வகை டர்போவை மாற்றுவது ரிப்பேர். சக்தியைக் கூட்டும் வேறு டர்போவைப் போட்டு இன்ஜின் மென்பொருளையும் மாற்றுவது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். மாற்றத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு க்ளெய்ம் சிக்கலாகும். வாரண்டி மிச்சமிருந்தால் அதற்கும் ஆபத்து.

அப்போ என்ன செய்யலாம்?

தினமும் ஆபீஸ் போய்வரும் கார் என்றால் ஸ்லீவ் பேரிங்கே போதும். டிராக்குக்குக் கொண்டுபோகும் கார் என்றால் பால் பேரிங்குக்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் பெயர் தெரியாத பிராண்டில் 'பால் பேரிங்' என்று மலிவாகக் கிடைப்பதை வாங்குவதை விட, தெரிந்த நிறுவனத்தின் ஸ்லீவ் பேரிங் நல்லது.

போனில் 'ஓகே' சொல்லும் முன் ஒர்க்‌ஷாப்பில் இந்த நான்கைக் கேளுங்கள்:

1. பழைய டர்போ எதனால் போனது? அந்தக் காரணத்தைச் சரி செய்துவிட்டீர்களா?
2. ஆயில் பைப்பைப் புதிதாக மாற்றுகிறீர்களா, பழையதையே கழுவி மாட்டுகிறீர்களா?
3. முழு டர்போவா, நடுப்பகுதி மட்டுமா, கிட் மட்டுமா? மூன்றுக்கும் தனித்தனி விலை என்ன?
4. ரிப்பேர் செய்த டர்போவை மெஷினில் பேலன்ஸ் பார்த்தீர்களா? அதற்கான ரிப்போர்ட் இருக்கிறதா?

கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். புஷ் கருகியிருந்தால் ஆயில் பிரச்சினை. இதழ்கள் நசுங்கியிருந்தால் வெளியிலிருந்து ஏதோ உள்ளே போயிருக்கிறது. முதல் கேள்விக்கு 'தெரியலை சார், பழசாயிடுச்சு' என்று மட்டும் பதில் வந்தால், எந்த பேரிங் என்று முடிவு செய்யும் முன் இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் காட்டுங்கள்.