சொல்லக்கூடாத சொல்

1925 மார்ச் 18, புதன்கிழமை. மிசூரி, இல்லினாய்ஸ், இந்தியானா பக்கத்து விவசாயிகளுக்கு அன்று அமெரிக்க வானிலைத் துறை சொன்னதெல்லாம் மழை, திசை மாறி வீசும் பலத்த காற்று, அவ்வளவுதான். மார்ச் மாதத்தில் அதற்காக யார் ஏரைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவார்கள்?

பகல் ஒரு மணிவாக்கில் மிசூரியின் எலிங்டன் அருகே தரையிறங்கிய டொர்னேடோ மூன்றரை மணி நேரத்தில் 352 கிலோமீட்டர் ஓடியது. இந்தியானாவின் பீட்டர்ஸ்பர்க் பக்கம் போய் அது அடங்கியபோது 695 பேர் செத்துப் போயிருந்தார்கள். அமெரிக்காவில் வேறெந்த டொர்னேடோவும் இத்தனை உயிர் வாங்கியதில்லை.

நாம் வங்கக்கடல் புயலையும் சூறாவளி என்கிறோம், இதையும் சூறாவளி என்கிறோம். புயல் சில நாள் முன்பே கடலில் உருவாகி, பெயரும் வைத்துக்கொண்டு வரும். டொர்னேடோ இடிமேகத்தின் அடிவயிற்றிலிருந்து சில நிமிடங்களில் இறங்கிவிடும். மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றும் முட்டிக்கொள்ளும் வெட்டவெளி அந்த மாநிலங்கள். வசந்தகாலம் வந்தாலே வயிற்றைக் கலக்கும்.

அந்த விவசாயிகளுக்கு மேகம் பார்க்கத் தெரியும். அதிலிருந்து துதிக்கை போல ஒன்று தொங்கினால் நிலவறைக்குள் இறங்கிவிடுவார்கள். அன்று துதிக்கையே கண்ணில் படவில்லை. ஒன்றரை கிலோமீட்டர் அகலம் வரை விரிந்து, மழையையும் புழுதியையும் போர்த்திக்கொண்டு, தரையோடு உருண்டுவரும் கரும்புகை போலத்தான் இருந்தது. சராசரி வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். ஃபோர்டு டி மாடல் காரை முழுமூச்சாக விரட்டினாலும் தப்ப முடியாது.

2.34 மணிக்கு இல்லினாய்ஸின் மர்ஃபிஸ்பரோ. அந்த ஒரு ஊரில் மட்டும் 234 பேர். அடுத்த சில நிமிடங்களில் டி சோட்டோவில் பள்ளிக்கூடம் இடிந்து 33 பிள்ளைகள். வெஸ்ட் ஃபிராங்க்ஃபோர்ட்டில் ஆண்கள் பலர் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இருந்தார்கள். திடீரென்று மின்சாரம் போயிற்று. குறுகலான அவசர வழியில் கைகால் ஊன்றி ஏறி வெளியே வந்தால், தெருவைக் காணோம். அங்கே இறந்தவர்களில் நிறையப் பேர் பெண்களும் குழந்தைகளும். அந்த வேளையில் வீட்டில் இருந்தவர்கள் அவர்கள்தானே.

என்னை உறுத்துவது இந்தியானாவின் கிரிஃபின்தான். அது அழிந்தது நாலு மணிவாக்கில். மர்ஃபிஸ்பரோ விழுந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்து! தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்தன என்பது உண்மை. ரேடார் இல்லை என்பதும் உண்மை. ஆனால் ஊருக்கு ஊர் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடே இல்லாமல் போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. மக்கள் பீதியடைவார்கள் என்று சொல்லி, முன்னறிவிப்பில் ‘டொர்னேடோ’ என்ற சொல்லையே 1880களில் தடை செய்திருந்தார்கள். ஜான் ஃபின்லே என்ற ராணுவ அலுவலர் அதற்கு முன்பே, 1884இல், டொர்னேடோ முன்னறிவிப்பு முயற்சியைத் தொடங்கியிருந்தார். பேசக்கூடாத ஒன்றை யார் உட்கார்ந்து ஆராய்வார்கள்?

1948 மார்ச் 25இல் ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் இரண்டு ராணுவ வானிலை அதிகாரிகள் டொர்னேடோ வரலாம் என்று துணிந்து முன்கூட்டிச் சொன்னார்கள். அன்று மாலையே டொர்னேடோ வந்தது. வானிலைத் துறை அந்தச் சொல்லை வெளிப்படையாக அனுமதித்தது 1950இல். இல்லினாய்ஸின் பாரிஷ் என்ற சிற்றூர் அதற்குள் இல்லாமலே போய்விட்டது. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அது எழவேயில்லை.