உயர்திறன் தானுந்துகளுக்கான தீப்பொறிச் செருகி

தீப்பொறிச் செருகி என்பது பெட்ரோல் இயந்திரத்தின் உருளைக்குள் அழுத்தப்பட்ட எரிபொருள்-காற்றுக் கலவையைப் பற்றவைக்கும் உறுப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது ஸ்பார்க் பிளக் அல்லது பிளக் எனப்படும். பந்தயத் தானுந்துகளிலும் டர்போ பொருத்திய தானுந்துகளிலும் உருளையின் அழுத்தமும் வெப்பமும் மிகுதியாதலால், தேய்ந்த செருகிக்கு மாற்றாகப் பொருந்தாத ஒன்றை இட்டால் பிஸ்டன் உருகித் துளைபடவும் கூடும்.

வரலாறு

போஷ் நிறுவனப் பொறியாளர் காட்லாப் ஹோனோல்டு 1902-இல் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவுடன் இயங்கும் செருகியை உருவாக்கினார். இந்தியாவில் 1951-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனத்தின் செருகிகள் பரவலாகப் பயன்பட்டன. இந்நிறுவனம் 2008-இல் போஷ் லிமிடெட் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

வெப்ப வீச்சு

செருகியின் பீங்கான் முனை ஏற்கும் வெப்பம், உலோக உறை வழியாக உருளைத்தலைக்குச் செல்கிறது. முனை நீளமாக இருந்தால் வெப்பம் மெதுவாக வெளியேறும். இது சூடான செருகி. முனை குட்டையாக இருந்தால் விரைவாக வெளியேறும். இது குளிர்ந்த செருகி. முனையின் வெப்பநிலை ஏறத்தாழ 450 பாகைக்குக் கீழே இருந்தால் கரி எரியாமல் படியும். 850 பாகையைத் தாண்டினால் தீப்பொறி எழுமுன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் துளைபடுவதற்கு இம்முன்பற்றலே காரணம்.

குளிர்ந்த செருகி திறனைக் கூட்டும் என்பது தவறான கருத்து. இயந்திரத்தின் திறன் 75 முதல் 100 குதிரைத்திறன் வரை உயர்த்தப்பட்டால் ஒரு படி குளிர்ந்த செருகி தேவைப்படும் என்பது பொது வழிகாட்டு விதி. மாற்றம் செய்யப்படாத தானுந்துக்குத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட வீச்சே உரியது.

தமிழ்நாட்டில்

1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்திலும் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இயந்திரம் நெடுநேரம் முழு வேகத்தில் சுழலும். அங்கு குளிர்ந்த செருகி பொருத்தமானது. அதே செருகியுடன், காவிரிப் பாலம் கடந்து திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் செல்லும் சாலை போன்ற நெரிசலான வழிகளில் ஊர்ந்து சென்றால் முனையில் கரி படிந்து இயந்திரம் திணறும்.

எண் குறியீடு

வெப்ப வீச்சைக் குறிக்கும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

என்ஜிகே, டென்சோ: எண் கூடினால் குளிர்ந்தது.
போஷ், சாம்பியன்: எண் கூடினால் சூடானது.
போஷின் பழைய மூவிலக்கக் குறியீடு (145, 175, 225): எண் கூடினால் குளிர்ந்தது.

என்ஜிகேயின் 6, டென்சோவின் 20-க்கு ஏறத்தாழ இணையானது. எனவே நிறுவனம் மாற்றும்போது எண்ணை மட்டும் ஒப்பிடாமல் இணைப் பட்டியலைப் பார்த்தல் வேண்டும்.

மின்வாயும் இடைவெளியும்

நிக்கல் 1455 பாகையிலும் பிளாட்டினம் 1768 பாகையிலும் இரிடியம் 2446 பாகையிலும் உருகும். ஆகவே நிக்கல் மின்வாய் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டிருக்க, இரிடியம் மின்வாயை 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாக்க இயலும். மெல்லிய முனையில் தீப்பொறி குறைந்த மின்னழுத்தத்திலேயே எழும், தேய்மானமும் குறைவு.

மின்வாய்களுக்கிடையே பொதுவாக 0.7 முதல் 1.1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். டர்போ இயந்திரத்தில் அழுத்தம் கூடுவதால் தீப்பொறி தாண்டுவது கடினம். ஆதலால் இடைவெளி குறைக்கப்படுகிறது.

பொருத்துதல்

புரியின் விட்டமும் நீளமும் சரியாக இருத்தல் வேண்டும். நீளம் மிகுந்தால் பிஸ்டன் செருகியில் மோதும். குறைந்தால் உருளைத்தலையின் புரியில் கரி சேரும். இயந்திரம் ஆறிய பின் முதலில் கையால் திருகி, பின்னரே கருவியால் இறுக்க வேண்டும். அலுமினிய உருளைத்தலையில் 14 மில்லிமீட்டர் வளையச் செருகிக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதுமானது.

கழற்றிய செருகியின் நிறம்

இளம்பழுப்பு நிறம் வீச்சு சரியெனக் காட்டும். உலர்ந்த கருங்கரி, செருகி அளவுக்கு மீறிக் குளிர்ந்தது அல்லது எரிபொருள் மிகுதி என்பதன் அறிகுறி. வெளிறிக் கொப்பளித்த முனை மிகைவெப்பத்தைக் காட்டும்; அந்நிலையில் காரணம் அறியாமல் வண்டியை வேகமாக ஓட்டுதல் கூடாது.