விசைப்படகுக்கு ஏற்ற எண்ணெய்

மலைநாட்டில் வாழும் நமக்கும் விசைப்படகுக்கும் யாது தொடர்பு என வினவுவோர் உளர். கம்பளையைத் தழுவிச் செல்வது மகாவலி கங்கை. அதற்கு மேலே கொத்மலை நீர்த்தேக்கம் 1985ஆம் ஆண்டு தொடக்கம் விரிந்து கிடக்கின்றது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளியோடு வந்த பெருமழையால் ஆறு கரைகடந்து நகரினுட் புகுந்தபோது, படகு கரையோர மக்களுக்கு மாத்திரம் உரிய பொருளன்று என்பதை நாம் கண்டோம். வெள்ளத்துக்கென வைக்கப்படும் படகு ஆண்டின் பெரும்பகுதி கிடப்பிற் கிடப்பது. வேண்டும் நாளில் முதல் இழுப்பிலேயே இயங்க வேண்டுவது. அது இயங்குமா, இடைவழியில் நிற்குமா என்பது பெரும்பாலும் அதனுள் ஊற்றப்பட்ட எண்ணெயைப் பொறுத்தது.

படகின் இயந்திரமும் பாரவூர்தியின் இயந்திரமும் ஓரினத்தனவாகத் தோன்றினும், அவை செய்யும் வேலை வேறு. கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஊர்தி ஏற்றத்தில் மூச்சுத் திணறுகின்றது. திரும்பி இறங்கும்போதோ இளைப்பாறுகின்றது. படகுக்கு இறக்கம் என்பதொன்று இல்லை. நீர் எப்பொழுதும் எதிர்த்து நிற்றலின், புறப்பட்ட கணம் முதல் கரைசேரும்வரை அது மலையேறிக்கொண்டேயிருக்கின்றது எனலாம். அன்றியும், அதனைக் குளிர்விப்பதும் நீர். அதன் பற்சில்லுகள் மூழ்கிக் கிடப்பதும் நீர். ஓயாத பாரமும் நீங்காத நீருமாகிய இவ்விரண்டையும் மனத்திற் கொள்ளாது, ஊர்திக்கு ஊற்றும் எண்ணெயைப் படகுக்கும் ஊற்றுவோர் பின்னர் வருந்துவர்.

எண்ணெயின் முதற் பண்பு பாகுமை. உலோகமும் உலோகமும் நேரே உராயாவண்ணம் இடையில் ஒரு மென்படலமாக நிற்பதே அதன் தொழில். பாகுமை குறைந்தாற் படலம் கிழியும். மிகுந்தால் ஒடுங்கிய இடங்களை எண்ணெய் சென்றடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தொழிலைச் சிறப்பாகச் செய்தது நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த ஆமணக்கெண்ணெயே. முதலாம் உலகப் போர்க்கால விமானங்கள் பல அதனாலேயே பறந்தன. காஸ்ட்ரோல் என்னும் வணிகப் பெயரும் ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததே. ஆயினும் அது சூட்டிற் பிசினாகி ஒட்டும் குறையுடையதாகலின், கனிய எண்ணெய்க்கு இடங்கொடுத்து விலகிற்று.

படகின் பின்புறத்தில் மாட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரத்தை ஓல் எவின்றூட் என்பவர் 1909இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொணர்ந்தார். இவ்வினத்து இரண்டடிப்பு இயந்திரத்தில் எண்ணெய் தனியே தேங்கி நிற்பதில்லை. எரிபொருளோடு கலந்து உட்சென்று, உருளையையும் ஆடுதண்டையும் நனைத்து, இறுதியில் தானும் எரிந்துபோகின்றது. எரிந்தபின் எஞ்சுவது யாது என்பதே இங்கு வினா. முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கான எண்ணெயில் அழுக்ககற்றும் பொருட்டுக் கல்சியம் போன்ற உலோகச் சேர்வைகள் இடப்படும். அவை எரிந்தாற் சாம்பல் உண்டாகும். ஓயாப் பாரத்தில் ஓடும் படகில் அச்சாம்பல் படிந்து, கனன்று, பொறி எழுமுன்னரே எரிபொருளைப் பற்றவைத்து ஆடுதண்டைத் துளைத்தலும் உண்டு. ஆதலின் படகுக்கெனச் சாம்பல் எஞ்சாத எண்ணெய் வகுக்கப்பட்டது. புட்டியின் மேல் 'ரி.சி.-டபிள்யூ.3' என்னும் குறி இருத்தல் அதற்கு அடையாளம். வணிகப் பெயர் எதுவாயினும் ஆகுக, குறியே பார்க்கத்தக்கது. ஐம்பது பங்கு எரிபொருளுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பது பல இயந்திரங்களுக்குப் பொதுவான அளவு. புதிய இயந்திரத்துக்குத் தொடக்கத்தில் இருமடங்கு எண்ணெய் கேட்போரும் உளர். செய்தவரின் கைநூலே இதிற் பிரமாணம்.

நம் நாட்டில் இதற்கொரு தனிச்சிக்கல் உண்டு. வடக்கு கிழக்குக் கரைகளில் கண்ணாடியிழைப் படகிற் செல்லும் மீனவர் பலரின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுவன. பெற்றோலிற் தொடக்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாதாகலின், எரியாத பகுதி உருளைச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். கரைசேருமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிதுநேரம் ஓட்டி நிறுத்தும் வழக்கம் உள்ளே தங்கியதை எரித்தொழிப்பதற்கே. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் ஒன்றுக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. எரிபொருளுக்கே கடன்படுபவன் எண்ணெயிற் கைவைப்பது இயல்பு. அவனை அறியாதவன் என இகழ்தல் முறையன்று. எனினும் நடுக்கடலில் ஆடுதண்டு இறுகிவிட்டால், இயந்திரத்தின் விலையோடு உயிரும் கணக்கில் ஏறிவிடுகின்றது.

நான்கடிப்பு இயந்திரத்தைப் பற்றி மிக விரித்தல் வேண்டா. அதில் எண்ணெய் தனித்தொட்டியில் நிற்கும். வெளிநீர் இடைவிடாது குளிர்விப்பதால் ஈரமும் எரியாத எரிபொருளும் எண்ணெயிற் சேர்வது எளிது. ஆகவே துருவைத் தடுக்கும் ஆற்றலும், நீர் கலப்பினும் வடிகட்டியை அடைக்காத இயல்பும் சோதிக்கப்பட்ட 'எப்.சி.-டபிள்யூ.' குறியுள்ள எண்ணெய் வேண்டும். 10டபிள்யூ-30 என்பது பெரும்பாலும் போதும். இவ்வெழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. உறைபனியறியாத நம் நீர்நிலைகளில் முன்னுள்ள எண்ணைக் காட்டிலும் பின்னுள்ள எண்ணே கருதத்தக்கது.

பலர் மறப்பது பற்சில்லு எண்ணெயை. வெளியிணைப்பு இயந்திரத்தின் அடியில், நீருக்குள், ஒரு சிறு பெட்டியுள் மூன்று சாய்பற்சில்லுகள் உள. இயந்திரத்தின் முழு ஆற்றலும் அவற்றின் வழியாகவே விசிறியைச் சேர்கின்றது. பற்கள் ஒன்றையொன்று நெருக்கும் அழுத்தத்தைத் தனியெண்ணெய் தாங்காது. கந்தக, பொசுபரசுச் சேர்வைகள் உலோகத்தின்மேற் காப்புப் படலம் அமைத்தல் வேண்டும். எஸ்.ஏ.ஈ. 90 தரத்து எண்ணெயே பெரும்பாலும் விதிக்கப்படுவது. அதிலும் ஜி.எல்.-4 கேட்போரும் ஜி.எல்.-5 கேட்போரும் உளர். பின்னையதிற் சேர்வை மிகுதி; வெண்கல, பித்தளை உறுப்புகளை அது அரிக்கக்கூடும். பெரிய படகுகளின் உள்ளிணைப்பு இயந்திரத்துப் பின்செலுத்து பெட்டியோ வேறினம்: உராய்வுத் தட்டுக்கள் எண்ணெயில் நனைந்து வேலைசெய்வதால், பலவற்றுக்கு இயந்திர எண்ணெயே விதிக்கப்படுகின்றது. அங்கு ஜி.எல்.-5 ஊற்றினால் தட்டுக்கள் வழுக்கும்.

விசிறித் தண்டைச் சுற்றியுள்ள றபர் வளையமே பெட்டியினுள் நீர் புகாது காப்பது. தூண்டில் நூலோ வலைநூலோ தண்டிற் சுற்றி அதனை அறுத்துவிடும். ஓடிச் சூடேறிய பெட்டி நிறுத்தியதும் குளிர்ந்து சுருங்க, அறுந்த இடத்தால் நீரை உறிஞ்சும். நீர் கலந்த எண்ணெய் பாலிட்ட தேநீர்போல் வெளுக்கும். படகுக்கென ஆக்கிய பற்சில்லு எண்ணெய் சிறிதளவு நீரைத் தன்னுட் கலந்துகொண்டு ஓரளவு காக்கும். பாரவூர்தி எண்ணெயில் அவ்வாற்றல் குறைவு. கிடப்பிலுள்ள இயந்திரத்தைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. ஓரிரவு அசையாது நிமிர்த்தி வைத்து, காலையில் அடித்திருகாணியைச் சிறிது தளர்த்துக. முதலில் நீர் கசிந்தால் வளையத்தை மாற்றாமல் நீரில் இறக்கலாகாது. புதிய எண்ணெயைக் கீழ்த்துளை வழியாகவே ஏற்றுதல் வேண்டும்; மேல்துளையால் காற்று முற்றும் வெளியேறி எண்ணெய் வழியும்போதுதான் பெட்டி நிறைந்ததாகும். நூறு மணி நேர ஓட்டத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நன்று. ஓடாத படகுக்கு மாதக் கணக்கே பொருந்தும். ஈரம் ஓட்டத்தை எதிர்பார்ப்பதில்லை.

இவ்வெண்ணெய் ஒரு லீற்றருக்கும் குறைவாகவே செல்லுமாதலின் விலை பெரிதன்று. வடித்த பழைய எண்ணெயை மூடியுள்ள கலத்திற் சேர்த்து, கழிவெண்ணெய் பெறும் வாகனத் திருத்தகத்திற் கொடுத்தல் தகும். ஆற்றோரத்தில் ஊற்றினால், கம்பளைக்குக் கீழே கெட்டம்பேயில் கண்டி நகருக்குக் குடிநீர் எடுக்கப்படுவதும் இதே மகாவலியிலிருந்துதான்.