கர்... கர்... கோழியின் மூச்சுக்குழலில் நின்றுபோகும் துடைப்பம்!

மழைக்காலம் வந்தால், சாரலுக்குப் பயந்து கோழிக் கொட்டகையின் நாலு பக்கமும் சாக்குப் படுதாவை இறக்கிவிடுவது வழக்கம். சாரல் நின்றுவிடும். ஆனால், விடியற்காலையில் கதவைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கும் நெடி முகத்தில் அடிக்கும். சில நாள் கழித்து, ராத்திரியில் கொட்டகைக்குள் 'கர்... கர்...' என்ற சத்தம் கேட்கும். 'கோழிக்குச் சளி பிடிச்சிடுச்சு' என்று மருந்துக்கடைக்கு ஓடுவார்கள். கோளாறோ பல நேரம் அந்த நெடியிலேயே தொடங்கியிருக்கும்.

கோழியின் மூச்சுக்குழல் உட்சுவரில் மயிர்போன்ற இழைகள் நெருக்கமாக முளைத்திருக்கின்றன. பாடப்புத்தகத்தில் இவற்றுக்குக் குற்றிழை என்று பெயர்; டாக்டர்கள் சிலியா என்பார்கள். ஒரு மில்லிமீட்டரை 100 கூறு போட்டால், ஓர் இழையின் நீளம் அதில் ஒரு கூறுகூட வராது. இழைகளின் மேலே மெல்லிய சளிப்படலம் உண்டு. மூச்சோடு வரும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். இழைகள் நொடிக்குப் பத்து தடவை போல அடித்து, அந்தச் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். முன்னால் அடிக்கும்போது விறைப்பாக நிற்கும்; திரும்பும்போது வளைந்து, தாழ்ந்து வரும். அதனால்தான் தள்ளிய சளி திரும்பி வருவதில்லை. பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக அசைவதைப் பார்த்தால், காற்றில் நெல்வயல் அலையடிப்பது போலிருக்கும்.

இந்தத் துடைப்பத்துக்கு முதல் எதிரி அமோனியா. கோழி எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. ஈரம் சேர்ந்தால் பாக்டீரியாக்கள் அதை அமோனியாவாக்கிவிடும். கொட்டகைக் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 25 பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. அளவு கூடி, நாள்கணக்கில் நீடித்தால் இழைகளின் அசைவு குறையும், பிறகு உதிரும். சளி தேங்கும். சி.ஆர்.டி. நோயைக் கொண்டுவரும் மைக்கோபிளாஸ்மாவுக்கும், பின்னாலேயே வரும் ஈ.கோலைக்கும் அதற்குமேல் தடையில்லை. மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, உதிர்ந்த இழையை முளைக்க வைக்காது. அது முளைக்கச் சுத்தமான காற்று வேண்டும்.

கொட்டகைக்குள் நின்றபடி மோந்து பார்ப்பதில் பிரயோஜனம் குறைவு. தினமும் போய்வரும் மூக்குக்கு நெடி பழகிப்போகும். கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து மோந்து பார்க்க வேண்டும். படுதாவின் மேல்பகுதியில் ஓர் அடியாவது எப்போதும் திறந்திருக்கட்டும். தண்ணீர்க் குவளையைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ளிவிட்டு, காய்ந்த உமியோ தேங்காய் நார்க்கழிவோ போடலாம். கூளத்தைக் கிளறும்போது உள்ளே அடங்கிய நெடி மொத்தமாகக் கிளம்பும் என்பதால், படுதாவைத் தூக்கிவிட்டுக் கிளறுவதே நல்லது.

மனிதர்களின் மூச்சுக்குழலிலும் இதே ஏற்பாடுதான். விறகடுப்புப் புகையும் பீடிப் புகையும் அங்கே செய்வது, அமோனியா கோழிக்குச் செய்யும் அதே வேலையை.

கோழிக்குத் துடைப்பமாக இருக்கும் இழை, குளத்துத் தண்ணீரில் வாழும் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிருக்குத் துடுப்பு. உடல் முழுக்க இழை. அதை வைத்துத்தான் நீந்தும், இரையை வாய்ப்பக்கம் தள்ளிக்கொள்ளும். எதிலாவது மோதினால், இழைகளை எதிர்ப்பக்கம் அடித்துப் பின்வாங்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் பாரமீசியத்தின் இழையிலும் கோழியின் இழையிலும் ஒரே அமைப்பு: சுற்றிலும் 9 ஜோடிக் குழல்கள், நடுவில் 2.

இந்த வகை உயிர்கள் மாட்டின் முதல் வயிற்றிலும் லட்சக்கணக்கில் நீந்துகின்றன. 1843-ம் ஆண்டிலேயே பிரான்ஸில் குரூபி, டெலாஃபோன் என்ற இருவர் இவற்றைக் கண்டு எழுதினார்கள். தாயின் எச்சில் வழியாகக் கன்றுக்குப் போய்ச்சேர்ந்து, தீவனத்தைச் செரிக்க உதவுகின்றன. பொங்கலன்று ஆசையாக வைக்கும் சோறும், கல்யாண வீட்டில் மிஞ்சிய சாதமும் அளவுக்கு மீறிப்போனால், வயிற்றில் அமிலம் ஏறி இவை செத்துப்போகும். மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும்.

அப்படிப்பட்ட மாட்டுக்குக் கால்நடை மருத்துவர் குழாய் விட்டு வயிற்றுநீர் எடுத்து, நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பார். துள்ளி ஓடும் உயிர்கள் நிறையத் தெரிந்தால் பயமில்லை. ஒன்றுமே அசையவில்லை என்றால், அமிலத்தை முறிக்கும் சிகிச்சையோடு, ஆரோக்கியமான மாட்டின் வயிற்றுநீரையும் வடிகட்டி உள்ளே விடுவதுண்டு. அதை எடுத்த சூட்டோடு கொடுக்க வேண்டும். ஆறவிட்டால், அதிலிருக்கும் உயிர்களும் ஓய்ந்துவிடும்.