முழக்கமிட மூச்சு வேண்டாமா?

நெமிலியிலே கூட்டம். மேடையிலே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். உரிமை என்கிறோம், ஊதியம் என்கிறோம், உயர்வு என்கிறோம். கைதட்டல் எழுகிறது. அதற்கு நடுவே இன்னோர் ஓசை - இருமல்! முதல் வரிசையிலே ஒருவர், மூன்றாம் வரிசையிலே இருவர், கொடிக்கம்பத்தருகே நின்ற கூட்டத்திலோ கணக்கில்லை.

பேசி முடித்துக் கீழே இறங்கினோம். கொடி கட்டிய தோழர் வந்தார். ராணிப்பேட்டை டேனரி ஒன்றிலே பஃபிங் எந்திரத்தின் முன் நிற்பவர். தோளிலே துண்டு, விரலிடுக்கிலே பீடி. "அண்ணே, முன்ன மாதிரி கோஷம் போட முடியல. மூச்சு வாங்குது" என்றார். சொல்லிவிட்டு ஓர் இழுப்பு இழுத்தார்!

நாம் ஏசவில்லை. ஏசும் யோக்கியதை நமக்கேது? பத்தாண்டுக் காலம் நாமும் இழுத்தவர்தாம். பேசுமுன் ஒன்று, பேசியபின் ஒன்று, எழுத உட்கார்ந்தாலோ அடுக்கடுக்காக. புகையில்லாமல் எழுத்து வராது என்று நம்பியிருந்தோம். விட்ட பிறகும் வருகிறது. நன்றாக வருகிறதா என்பதைப் படிக்கிற நீங்கள்தாம் சொல்லவேண்டும்.

ஆனால் அந்தத் தோழருக்கு வேறொரு கதை உண்டு. முன்பே ஒருமுறை காசம் வந்து, ஆறு மாதம் மாத்திரை விழுங்கிப் பிழைத்தவர் அவர். பிழைத்தவர் மறுபடியும் பற்றவைத்துவிட்டார். கேட்டால், "பீடிதானே அண்ணே, சிகரெட்டா?" என்கிறார்.

பீடிதானே! என்ன எளிமையான சொல்! ஏழையின் பீடி ஏழைக்கு இரங்கும் என்று எவன் சொன்னான்? பீடி இலை எளிதில் அணைந்துவிடும். அணையாதிருக்க அடிக்கடி இழுக்கவேண்டும், ஆழமாக இழுக்கவேண்டும். அதனாலே சிகரெட்டைவிட அதிகமான தாரும், நிகோடினும், கார்பன் மோனாக்சைடு நச்சும் உள்ளே இறங்குகின்றன. தோல் தூசியை நாளெல்லாம் சுவாசித்த நெஞ்சிலே இதையும் இறக்கினால் தாங்குமா?

சீமையிலே யாரோ செய்த ஆராய்ச்சி என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் நாட்டிலேயே நடந்த கணக்கெடுப்பு இருக்கிறது. டாக்டர் கஜலட்சுமியும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் சென்னையிலும் விழுப்புரம் வட்டாரச் சிற்றூர்களிலும் மாண்டுபோன 43,000 ஆண்களைப் பற்றி விசாரித்தார்கள். உயிரோடிருக்கும் 35,000 ஆண்களையும் விசாரித்து ஒப்பிட்டார்கள். 2003-இல் 'லான்செட்' இதழிலே முடிவு வெளிவந்தது. புகைக்காதவனைவிடப் புகைப்பவன் காசத்தாலே சாகும் அபாயம் நான்கு மடங்குக்கும் மேல்! புகை என்றால் புற்று என்றுதான் மேல்நாட்டார் பேசுகிறார்கள். நம் ஏழையைப் புகை கொல்லும் வழிகளிலே காசமும் ஒன்று, தோழர்களே. இரண்டு வாரம் இருமல் நிற்கவில்லையா? அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள். காசு கேட்கமாட்டார்கள்.

"குறைத்துக்கொண்டேன், நாளைக்கு ஒன்றோ இரண்டோதான்" என்பார் உண்டு. குறைத்தது நல்லதே. அதோடு நின்றுவிட்டால் போதாது. நாளைக்கு 20 சிகரெட் பிடிப்பவனுக்கு மாரடைப்பு அபாயம் எவ்வளவு கூடுகிறதோ, அதிலே ஏறத்தாழப் பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவனுக்கும் உண்டு என்று 2018-இல் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொருவர் புகையை விட்டுவிட்டு மெல்லும் புகையிலைக்குத் தாவுகிறார். வீட்டுத் திண்ணையை விட்டுக் காட்டுப் புதருக்குப் பாம்பை விரட்டினால் தகும்; வாய்க்குள்ளே விரட்டலாமா? வெற்றிலையோடு புகையிலை மெல்வது வாயிலும் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்றை உண்டாக்கும். உணவுக்குழாய்ப் புற்றால்தான் 1969 பிப்ரவரி 3-இல் அறிஞர் அண்ணாவைத் தமிழகம் பறிகொடுத்தது. வெற்றிலையும் பொடியும் அண்ணாவுக்குப் பழக்கம் என்பது அவரை அறிந்தவர் அறிந்ததே. அவருடைய நோய்க்குக் காரணம் எழுத நாம் வரவில்லை. அந்தக் குரல் அறுபதாவது வயதுக்குள்ளே அடங்கியதே என்ற ஏக்கத்தாலே சொல்லுகிறோம்.

"குடியாத்தத்திலே பீடி சுற்றும் பெண்களின் அடுப்பு என்னாவது?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பெண்களும் புகையிலைத் தூளைச் சுவாசித்துத்தான் கூலி வாங்குகிறார்கள். அவர்களுக்கு மாற்றுத் தொழில் கேட்டுப் போராடுவோம், முன்வரிசையிலே நிற்போம். அதற்காக ஆம்பூர்த் தொழிலாளி தன் நுரையீரலைக் கொளுத்தி அவர்கள் அடுப்பை எரியவைக்கவேண்டும் என்பது என்ன பொருளாதாரம்?

விட முடியுமா? முடியும். ரிச்சர்ட் டால் என்ற ஆங்கில மருத்துவர் 1951 முதல் தம் நாட்டு மருத்துவர்களையே ஐம்பதாண்டு பின்தொடர்ந்து கணக்கெடுத்தார். புகைத்தவர் ஏறத்தாழப் பத்தாண்டு முன்னதாகச் செத்தார்கள். முப்பதிலே விட்டவர் அந்தப் பத்தையும் மீட்டார். நாற்பதிலே விட்டவர் 9, ஐம்பதிலே விட்டவர் 6, அறுபதிலே விட்டவர்கூட 3 ஆண்டு மீட்டார். டாலே புகைத்தவர்தாம்; தம் ஆராய்ச்சியைப் பார்த்துத் தாமே விட்டார்!

முதல் மூன்று நாள் கொடுமை. அது நமக்குத் தெரியும். சிடுசிடுப்பு, தூக்கமின்மை, கை எதையோ தேடும். வேட்கை எழுந்தால் சில நிமிடந்தான், பிறகு தணியும். இரண்டு முதல் நான்கு வாரத்திலே பெரும்பாலும் அடங்கிவிடும். தனியே முடியாதவர்க்கு மருந்துக்கடையிலே நிகோடின் சுயிங்கம் உண்டு. மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்; தமிழிலேயே பதில் சொல்லுவார்கள். எங்கே தேடுவது என்கிறீர்களா? 2018 முதல் அந்த எண்ணைப் புகையிலைக் கட்டின்மீதே அச்சடிக்க வைத்திருக்கிறார்கள்!

இவ்வளவையும் நெமிலித் தோழரிடம் தேநீர்க் கடையிலே உட்கார்ந்து சொன்னோம். சட்டைப்பையிலிருந்த கட்டை எடுத்தார். எண்ணைப் படித்தார். கட்டை நம் கையிலே கொடுத்தார்.

"நாளைக்குக் காலைல டீ குடிச்சதும் கை தேடுமே, என்ன பண்றது அண்ணே?"

"டீக்குப் பதிலாக மோர் குடியுங்கள். அப்போதும் தேடினால் நமக்குப் போன் போடுங்கள்" என்றோம்.

விடிந்தது. ஐந்தே முக்காலுக்கு மணி அடித்தது.