'நாயகன்' பார்த்திருப்பீங்க... ஆனா பம்பாய் டான்களை உருவாக்கினது யாருன்னு தெரியுமா?

1987 தீபாவளிக்கு 'நாயகன்' வெளியானது. படம் தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்த சில மாதங்களிலேயே, 1988 ஜனவரியில், அந்தக் கதைக்குத் தூண்டுதலாக இருந்த வரதராஜன் முதலியார் சென்னையில் மாரடைப்பால் இறந்தார். படத்தில் வருவது போல துப்பாக்கிச் சூடெல்லாம் இல்லை.

இன்றைக்கும் ரீல்ஸில் 'வரதாபாய்', 'ஹாஜி மஸ்தான்' என்று தேடினால் மாஸ் பிஜிஎம்மோடு வீடியோக்கள் கொட்டும். ஏழைகளுக்கு உதவியவர், வெள்ளை டிரஸ், மெர்சிடிஸ் கார் என்று ஒரே பில்டப். சரி, இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? கொடுத்தது யார்? இதைத் தேடிப் போனால், கதை டான்களை விட்டுவிட்டு வேறொரு இடத்தில் போய் நிற்கிறது.

யார் இவர்கள்?

இருவருமே தமிழர்கள். இருவருமே 1926-ல் பிறந்தவர்கள். ராமநாதபுரம் அருகே பனைக்குளத்தைச் சேர்ந்தவர் மஸ்தான். சிறுவனாகவே பம்பாய்க்குப் போனவர், 1940-களில் துறைமுகத்தில் சுமை தூக்கினார். வரதராஜன் விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் போர்ட்டர். இரண்டு மூட்டை தூக்குபவர்கள் எப்படி ஒரு பெருநகரத்தையே மிரட்டும் அளவுக்கு வளர்ந்தார்கள்?

பதில் 1: தங்கம்

சுதந்திரத்துக்குப் பிறகு தங்க இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. 1962 சீனப் போருக்குப் பின் அது இன்னும் இறுகியது. 1963-ல் வந்த விதிகளின்படி 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது. 1968 தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததும், தனிநபர்கள் தங்கக் கட்டி வைத்திருக்கவே தடை.

அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்துவதுதான் அரசின் நோக்கம். ஆனால் நம்ம ஊர் கல்யாணம் அதுக்காக நிற்குமா? தங்கத்துக்கான தேவை அப்படியே இருந்தது. சட்டப்படி கிடைக்கும் வழி மட்டும் அடைபட்டது. துபாயில் ஒரு விலை, பம்பாயில் அதைவிட அதிகமான இன்னொரு விலை. இந்த வித்தியாசம்தான் கடத்தல்காரனின் சம்பளம்.

முறை ரொம்ப சிம்பிள். துபாயில் தங்கம் வாங்குவது சட்டப்படி சரி. அங்கிருந்து பத்து தோலா பிஸ்கட்கள், அதாவது ஒவ்வொன்றும் சுமார் 116 கிராம், படகில் கிளம்பும். நடுக்கடலில் மீன்பிடிப் படகுகளுக்கு மாறும். குஜராத் கரையோரத்து டாமனிலோ கொங்கண் கடற்கரையிலோ ராத்திரியோடு ராத்திரியாக இறங்கும். பணம் ஹவாலா வழியாகப் போய்ச் சேரும். டாமனில் கோலோச்சிய சுக்கூர் நாராயண் பாக்கியாவோடு மஸ்தான் கூட்டு சேர்ந்தது இந்தத் தொழிலில்தான். துறைமுகத்தின் சந்துபொந்தெல்லாம் தெரிந்த கூலித் தொழிலாளிக்கு, அந்த அறிவே முதலீடு.

பதில் 2: சாராயம்

பம்பாய் மதுவிலக்குச் சட்டம் 1949-ல் வந்தது. குடிக்க பர்மிட் வேண்டும் என்ற நிலை. மில்லில் ஷிப்ட் முடித்து வருபவருக்கும் துறைமுகக் கூலிக்கும் பர்மிட் யார் கொடுப்பது? தாராவியிலும் ஆண்டாப் ஹில் பக்கத்திலும் ஊறல் போட ஆரம்பித்தார்கள். டயர் ட்யூபில் சாராயத்தை நிரப்பி ஊருக்குள் கொண்டுவந்தார்கள். வரதராஜனின் சாம்ராஜ்யம் இதன் மேல்தான் எழுந்தது. துறைமுகச் சரக்குத் திருட்டு, மிரட்டிப் பணம் பறிப்பது எல்லாம் கூடவே வளர்ந்தது.

அமெரிக்காவிலும் கதை இதேதான். 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு. சிகாகோவின் அல் கபோன் கோடீஸ்வரன் ஆனது அந்தக் காலத்தில்தான். 1931-ல் அவருக்கு 11 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அதுவும் கொலைக்காக இல்லை, வருமான வரி ஏய்ப்புக்காக.

அப்போ மக்கள் ஏன் கொண்டாடினாங்க?

இதற்கு நேர்மையான பதில் உண்டு. அன்றைய தாராவியில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் குடிநீர்க் குழாயும் இல்லை, ரேஷன் கார்டும் இல்லை, போலீஸில் மரியாதையும் இல்லை. 1966-ல் தொடங்கப்பட்ட சிவசேனா, தென்னிந்தியர்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் சொந்த மொழியில் பேசி, பஞ்சாயத்து செய்து, காரியத்தை முடித்துக் கொடுக்க ஒரு ஆள் இருந்தால் யார்தான் போக மாட்டார்கள்? மாட்டுங்காவில் வரதராஜன் வைத்த விநாயகர் பந்தலுக்குக் கூட்டம் அலைமோதியது.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பந்தலுக்கும் உதவிக்கும் ஆன பணம் எங்கிருந்து வந்தது? அதே சேரியில் குடித்தவர்களின் கூலியிலிருந்து. சனிக்கிழமை சம்பளம் சாராயத்துக்குப் போன வீட்டில், திங்கட்கிழமை பிள்ளைக்கு நோட்டு வாங்க அதே ஆளிடம் கை நீட்ட வேண்டிய நிலை. இந்த இரண்டாவது காட்சி மட்டும்தான் சினிமாவில் வரும்.

முடிவு எப்படி வந்தது?

கைது நடவடிக்கைகள் நடந்தன, உண்மைதான். கடத்தலைத் தடுக்க 1974-ல் காஃபிபோசா சட்டம் வந்தது. எமர்ஜென்சியில் மஸ்தான் சிறைக்குப் போனார். வெளியே வந்தபின் கடத்தலை விட்டுவிட்டதாகச் சொல்லி அரசியலில் இறங்கினார். 1994-ல் இறந்தார். வரதராஜனை 1980-களில் நெருக்கியவர் போலீஸ் அதிகாரி ஒய்.சி.பவார். தொழில் முடங்கியதும் வரதராஜன் சென்னைக்கு வந்துவிட்டார்.

ஆனால் தங்கக் கடத்தலை உண்மையிலேயே சாய்த்தது, 1990-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரத்தானதுதான். 1992 முதல் வெளிநாடுவாழ் இந்தியர்கள் வரி கட்டி 5 கிலோ வரை கொண்டுவரலாம் என்றானது. படகில் உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு லாபம் மிஞ்சவில்லை.

சுபம் போடலாமா? முடியாது. தொழில் போனாலும் ஆட்கள், ஆயுதம், தொடர்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. இன்னொரு பக்கம், 1982-ல் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன் பிறகு பல மில்கள் திறக்கவே இல்லை. வேலையில்லாமல் நின்ற அந்தப் பகுதி இளைஞர்கள் அடுத்த தலைமுறை கும்பல்களுக்கு ஆட்களாகப் போனார்கள். கடத்தல் லாபம் வற்றியபோது அந்தக் கும்பல்கள் பில்டர்கள், சினிமாக்காரர்கள் பக்கம் திரும்பின. மிரட்டல், கூலிக்குக் கொலை. 1993 மார்ச் 12 தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் முக்கியக் குற்றவாளியாகத் தேடப்படும் தாவூத் இப்ராஹிம், ஒரு போலீஸ் ஏட்டின் மகன்.

தடையை எடுத்தா போதுமா?

இப்படிக் கேட்டால், அதுவும் முழு பதில் இல்லை. 2013-ல் தங்கத்துக்கான இறக்குமதி வரி 10 சதவீதமானது. அப்போது தடை எதுவும் இல்லை, ஆனாலும் கடத்தல் தலைதூக்கியது. 2024 ஜூலையில் அரசு வரியை 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்ததற்கு ஒரு காரணம் இதுதான். தடையோ வரியோ, எதுவாக இருந்தாலும் விலை வித்தியாசம் பெரிதானால் அதற்குள் ஒருவன் வந்து உட்கார்ந்துவிடுவான். தண்ணீர், ரேஷன், போலீஸ் என அரசு வர வேண்டிய இடத்துக்கு வராவிட்டால், அவனே தலைவனும் ஆகிவிடுவான்.

ரொம்பத் தூரம் போக வேண்டாம். 2024 ஜூன், கள்ளக்குறிச்சி. தமிழ்நாட்டில் மதுவிலக்கு இல்லை. ஊருக்கு ஊர் டாஸ்மாக் இருக்கிறது. ஆனாலும் அதைவிடக் குறைந்த விலையில் பாக்கெட் சாராயம் கிடைத்தது. அதில் மெத்தனால் கலந்திருந்தது. 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்கள். அந்தக் காலத்து பம்பாயில் சாராயத்துக்கு வாடிக்கையாளராக இருந்ததும் இதே மாதிரி ஆட்கள்தான். பிஜிஎம் போட்ட அந்த ரீல்ஸில் இவர்கள் யாரும் வர மாட்டார்கள்.