பங்கீட்டில் மீச்சிறு பொது மடங்கு

எண்ணையும் எழுத்தையும் ஒருங்கே போற்றுவது தமிழ் மரபு. ஆயினும், பள்ளியில் பயின்ற மீச்சிறு பொது மடங்கைத் தேர்வோடு மறந்துவிடுவோர் பலர். கொடுக்கப்பட்ட எண்கள் ஒவ்வொன்றாலும் மீதியின்றி வகுபடும் எண்களுள் மிகச் சிறியதே அது. ஒரு வணிகர் 6 நாளுக்கு ஒருமுறையும், மற்றொருவர் 8 நாளுக்கு ஒருமுறையும் ஓர் ஊருக்கு வருவாராயின், இன்று சந்தித்த இருவரும் அவ்வூரில் மீண்டும் சந்திப்பது 24ஆம் நாளிலாகும். 48ஆம் நாளிலும் சந்திப்பர். முதலில் வருவது 24 என்பதால் அதுவே மீச்சிறு பொது மடங்கு.

பின்னங்களைக் கூட்டுதற்கும் இதுவே துணை. அளவு வேறுபட்ட கூறுகளை ஒரே அளவினவாக மாற்றிய பின்னரே கூட்ட இயலும். நம் முன்னோர் இவ்வுண்மையைச் சொல்லிலேயே பொதிந்து வைத்தனர். ‘மா’ என்பது 1/20. ‘காணி’ என்பது 1/80. 20, 80 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 80. எனவே ஒரு மா, 4 காணிக்குச் சமம். அதனுடன் ஒரு காணி சேர 5/80, அதாவது 1/16 கிடைக்கும். அதன் பெயர் ‘மாகாணி’!

இக்கணக்கு இன்றியமையாததாகும் இடம் பாகப்பிரிவினை. திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம், 11, 12ஆம் வசனங்கள் வாரிசுகளின் பங்குகளைப் பின்னங்களாகவே வகுத்துரைக்கின்றன. ஒருவர் தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை மட்டும் வாரிசுகளாக விட்டு இறந்தார் எனக் கொள்வோம். அடக்கச் செலவு, கடன், மரண சாசனம் ஆகியவை நீங்கியபின் எஞ்சிய நிலம் 144 சென்ட். தாய்க்கு 1/6, மனைவிக்கு 1/8. 6, 8 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 24. தாய்க்கு 4 பங்கு, மனைவிக்கு 3 பங்கு போக, எஞ்சுவன 17. இவற்றை மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் பிரிக்க, 17 என்பது மூன்றால் வகுபடாது. ஆகவே 24ஐ மூன்றால் பெருக்கி 72 பங்குகளாக்குவோம். தாய்க்கு 12, மனைவிக்கு 9, மகனுக்கு 34, மகளுக்கு 17. பங்கொன்றுக்கு 2 சென்ட் வீதம், முறையே 24, 18, 68, 34 சென்ட் ஆகும். கூட்டினால் 144 சரியாக வரும்.

தாய்க்கும் மனைவிக்கும் ஏறத்தாழ ஒன்றே என்றெண்ணி இருவருக்கும் 18 சென்ட் ஒதுக்கினால், முதிய தாய் தம் உரிமையில் கால் பகுதியை இழப்பார். மதிப்பீட்டில் நேரும் சிறு பிழையும் ஒருவர் உரிமையைப் பறித்துவிடும். உடன்பிறந்தாரிடையே பகையும் மூட்டும். மார்க்க அறிஞர் பங்குகளை எடுத்துரைத்த பின்னர், பத்திரம் எழுதுமுன் இக்கணக்கைப் போட்டுக் காட்டுதல் வீட்டிலுள்ள மாணவரால் இயலும். கற்ற கல்வி குடும்பத்திற்குப் பயன்படும் நல்வழிகளுள் அதுவும் ஒன்று.